"இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், டாக்டர்?"

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் அவருடைய அனுபவத்தை விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் அந்தக் கேள்விக்கு இன்று இருக்கும் மதிப்பு தானாக வந்ததல்ல. 1980-களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இரண்டு பெண்கள் தங்கள் மருத்துவர்களிடம் கவலையோடு பேசினார்கள். அவர்களுக்குச் சொல்லப்படாமல் போன பதில்கள்தான் பின்னால் சட்டத்தை மாற்றின.

முதலாமவருக்கு ஒன்பது வயதில் பட்ட காயத்தால் வலது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. இடது கண்ணை நம்பியே வேலைக்குப் போனார், குடும்பம் நடத்தினார். 1984 ஆகஸ்டில் வலது கண்ணில் அறுவை செய்துகொண்டார். அதற்கு முன் மருத்துவரைத் துருவித் துருவிக் கேட்டார். நல்ல கண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடாமல் அதை எதையாவது வைத்து மூடிவிட முடியுமா என்று முந்தைய நாள்கூடக் கேட்டிருக்கிறார். கண் மாறி அறுத்துவிடுவார்களோ என்று இவர் பயப்படுகிறார் என மருத்துவமனைக் குறிப்பிலும் எழுதி வைத்தார்கள். ஆனால், ஒரு கண்ணில் செய்யும் அறுவையால் மற்றக் கண்ணிலும் அழற்சி ஏற்பட்டுப் பார்வை போகலாம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஏறத்தாழ 14,000 பேரில் ஒருவருக்கு வரும் ஆபத்து அது. அவருக்கு வந்தது. இருந்த ஒரு கண்ணும் போயிற்று.

அவர் வழக்குத் தொடுத்தார். மற்ற மருத்துவர்களும் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள் என்பது எதிர்த்தரப்பு வாதம். இங்கிலாந்தில் 1957-ல் வந்த ஒரு தீர்ப்பு அந்த வாதத்துக்குத் துணை நின்றது. நோயாளிக்கு எவ்வளவு சொல்வது என்பதை மருத்துவ உலகமே தீர்மானித்த காலம் அது. 1992 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 'ரோஜர்ஸ் - விட்டேக்கர்' வழக்கில் அதை ஏற்க மறுத்தது. இந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியாக வேண்டும், மற்ற மருத்துவர்களின் வழக்கம் இதற்கு அளவுகோல் ஆகாது என்றது. 8 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு உறுதியானது.

இரண்டாமவர் கல்வித்துறையில் பணியாற்றியவர். பேச்சுதான் அவருக்குப் பிழைப்பு. விழுங்குவதில் இருந்த சிரமத்துக்காக 1983-ல் தொண்டையில் அறுவை செய்ய வேண்டியிருந்தது. அப்போதைய நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் நெவில் ரான் தொண்டை அறுவைக்குப் பின் குரல் கரகரத்துப் போனவர். அவரைப் போல் ஆகிவிடக்கூடாது என்று இந்தப் பெண்மணி மருத்துவரிடம் சொன்னார். அறுவையில் உணவுக்குழாய் துளைபட்டு, கிருமி தொற்றி, குரல் பாதிக்கப்பட்டது. மருத்துவர் கவனக்குறைவாகக் கத்தியைப் பிடித்தார் என்று யாரும் சொல்லவில்லை. இப்படி ஒரு ஆபத்து இருப்பதை முன்பே சொல்லியிருந்தால் அறுவையைத் தள்ளிப்போட்டு, இதில் மிக அதிக அனுபவம் உள்ளவரைத் தேடிப் போயிருப்பேன் என்பதே அவருடைய வாதம். 1998 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் 'சாப்பல் - ஹார்ட்' வழக்கில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. யாருடைய கையில் கத்தி இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் நோயாளியின் பாதுகாப்பில் ஒரு பகுதி என்பது அன்று சட்டப் புத்தகத்தில் ஏறியது.

மருத்துவர் யார் என்று சரிபார்க்கும் வழியும் அன்று இன்றுபோல் இருக்கவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிப் பதிவேடு வைத்திருந்தது. குவீன்ஸ்லாந்தின் பண்டபெர்க் அரசு மருத்துவமனை 2003-ல் வேலைக்கு எடுத்த ஒருவர் மீது அமெரிக்காவில் ஏற்கெனவே கட்டுப்பாடு இருந்தது. அது 2005-ல் ஒரு பத்திரிகையாளர் இணையத்தில் தேடியபோதுதான் வெளியே தெரிந்தது. அதற்குள் அவர் அங்கே அறுவைப் பிரிவின் தலைவராகவே இருந்து நோயாளிகளை அறுத்திருந்தார்.

2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்குமுறை, 'ஆப்ரா' என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேடு. மருத்துவரின் பெயரைத் தட்டினால் அவர் எந்தத் துறையில் வல்லுநர், பணியில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்பது கைப்பேசியிலேயே தெரியும். 2023 செப்டம்பர் வரை மருத்துவப் பட்டம் பெற்ற எவரும் தன்னை 'சர்ஜன்' என்று போட்டுக்கொள்ள முடிந்தது. அழகு அறுவையில் நேர்ந்த கொடுமைகள் வெளிவந்த பிறகு 'சர்ஜன்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. உரிய வல்லுநர் பதிவு இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டால் 60,000 டாலர் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.

இவ்வளவு வந்தும் ஒரு விவரம் பதிவேட்டில் இல்லை. உங்கள் மருத்துவர் உங்களுக்குச் செய்யப்போகும் அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறார், அவரிடம் போனவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்பதை அங்கே பார்க்க முடியாது. அவரிடமே கேட்டால்தான் உண்டு.

அங்கேதான் நம் ஆட்கள் தயங்குகிறார்கள். 2021 கணக்கெடுப்புப்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் 95,000 பேருக்கு மேல். சிட்னி வெஸ்ட்மீடிலும் மெல்பர்ன் டாண்டினாங்கிலும் வல்லுநரின் அறைக்குள் அப்பாவோடு போகும் மகள் கேள்விகளை எழுதிக்கொண்டுதான் போகிறாள். "டாக்டருக்குத் தெரியாததையா நீ கேட்கப்போகிறாய், சும்மா இரும்மா" என்கிறார் அப்பா. காகிதம் கைப்பைக்குள் போய்விடுகிறது. மொழிபெயர்க்கும் பிள்ளைகள் பெற்றோர் கேட்டதைப் பாதியாக்கி, மருத்துவர் சொன்னதையும் மென்மையாக்கிச் சொல்வதுண்டு. அதற்காகத்தான் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். 131 450 என்ற தேசிய எண்ணிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்.

அரசு மருத்துவமனையில் மெடிகேர் (அரசுக் காப்பீடு) நோயாளியாகச் சேர்ந்தால் அறுப்பவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, உண்மைதான். அப்போதும் அறுக்கப்போவது மூத்தவரா, பயிற்சியில் இருப்பவரா, பயிற்சியாளர் என்றால் உடன் நிற்பவர் யார் என்று கேட்கலாம். தனியாரில் பணம் கட்டிப் போகிறவர் கேட்காமல் வருவது தனக்கே செய்யும் அநீதி.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்த அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? கடைசியாக எப்போது? உங்கள் நோயாளிகளுக்கு என்ன சிக்கல்கள் வந்தன? அறுவை இல்லாமல் வேறு வழி உண்டா? உங்கள் வேலைக்கு, உங்கள் குடும்பத்துக்கு எது முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்தக் கல்வித்துறைப் பெண்மணி தன் குரலைச் சொன்னதைப் போல. தன் வேலையில் தேர்ந்த மருத்துவர் இதற்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால், உங்கள் குடும்ப மருத்துவரிடம் போய் இன்னொருவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு போடுங்கள்.