பைக் பேட்டரி: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பைக் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு உழைக்கும். ஆனால் வயதை மட்டும் பார்த்து மாற்றுவது வீண் செலவு. வாரக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் வண்டியில் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, பேட்டரி முன்னதாகவே தளர்ந்துவிடும். தினமும் ஓடும் வண்டியில் கூடுதலாகவே தாங்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டரில் அளந்தால் 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். அப்படிக் காட்டியும், செல்ஃப் பட்டனை அழுத்தியதும் 9.5-க்குக் கீழே சரிந்தால் மாற்றிவிடுங்கள். கிக்கர் இருக்கிறதே என்பார்கள் சிலர். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டுமே! புது பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிட்டால், இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால், கோளாறு பெரும்பாலும் ரெகுலேட்டரிலோ ஸ்டேட்டர் காயிலிலோதான் இருக்கும்.