அடைக்கல வழக்கும் அனுபவமற்ற நீதிபதியும்

2017-ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் ஒருவர் மெக்சிகோ எல்லையைக் கடந்து அமெரிக்க மண்ணில் கால் வைத்தார். தாயகத்தில் சிலர் தம்மைக் கடத்திச் சென்று கொடுமையாக அடித்தனர் என்று விசாரணை அதிகாரியிடம் முறையிட்டார். அடித்தவர் யார், எதற்காக அடித்தனர் என்ற வினாக்களுக்குத் தமக்குத் தெரியாது என்றே விடை பகர்ந்தார். அவர் அடிபட்டதை நம்பிய அதிகாரி, அடைக்கலம் கோர அது போதாது என்று முடிவு செய்தார். குடியேற்ற நீதிபதி ஒருவர் அம்முடிவை உறுதி செய்தார். அத்தகைய விரைவு விசாரணையின் முடிவை எதிர்த்து வேறு நீதிமன்றத்தை நாட அவருக்கு உரிமை இல்லை என 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த நீதிபதியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் இலங்கையில் வெள்ளை வேன்கள் செய்த வேலையை அறிந்தவர் எவரும், கடத்த வந்தவர்கள் தம் பெயரையும் துறையையும் சொல்லிவிட்டுக் கடத்துவதில்லை என்பதையும் அறிவர். "தெரியாது" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மேலும் வினவ, சட்ட அறிவோடு பழக்கமும் வேண்டும்.

அன்பார்ந்த வாசகர்களே, அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றங்கள் பெயரளவில்தான் நீதிமன்றங்கள். அவை சுதந்திரமான நீதித்துறையைச் சேர்ந்தவை அல்ல. அரசின் நீதி அமைச்சகத்தின் ஒரு பிரிவு. நீதிபதிகளை அமர்த்துபவர் அட்டர்னி ஜெனரல். மன்றத்தில் ஒரு புறம் அரசு வழக்கறிஞர் நிற்பார். மறுபுறம் நிற்பவருக்குப் பணமில்லையேல், அரசு அவருக்கு வழக்கறிஞர் அமர்த்தித் தருவதில்லை. மொழியறியாத அவர் தனித்து நிற்கையில், நீதிபதியின் சட்ட அறிவு ஒன்றே அவருக்குத் துணை.

அச்சட்டமோ எளிதன்று. துன்பம் நேர்ந்தது என்பது மட்டும் போதாது. இனம், சமயம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் பொருட்டு நேர்ந்ததாக இருத்தல் வேண்டும். நாட்டினுள் வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் விலக்குகள் உண்டு. திரும்பிச் சென்றால் துன்புறுத்தப்படுவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அச்சம் நியாயமானதாகலாம் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கக் கேட்டே பழகிய குற்றவியல் வழக்கறிஞர் ஒருவருக்கு இவ்வளவுகோல் எளிதில் கைவருமா?

தற்காலிகக் குடியேற்ற நீதிபதியாக அமர்பவர் முன்னாள் நீதிபதியாகவோ, அமைச்சக வழக்கறிஞராயின் குடியேற்றச் சட்டத்தில் பத்தாண்டுப் பயிற்சி உடையவராகவோ இருத்தல் வேண்டும் என்பதே 2014-ஆம் ஆண்டு விதியின் சாரம். 2025 ஆகஸ்டில் அந்த விதி தளர்த்தப்பட்டு, எந்த வழக்கறிஞரையும் ஆறு மாதத்துக்கு அமர்த்தலாம், பின்னர் நீட்டிக்கலாம் என்றாயிற்று. இராணுவ வழக்கறிஞர் அறுநூறு பேர் வரை அனுப்பப் பென்டகன் இசைந்தது. அக்டோபரில் முதல் இருபத்தைவர் பதவியேற்றனர்.

முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடந்தமையால் ஆட்கள் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. இராணுவ வழக்கறிஞர்கள் ஒழுங்கும் உழைப்பும் உள்ளவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்வோம். எந்த நீதிபதியும் ஒரு நாள் புதியவராக இருந்தவர்தாமே! ஆனால் அதே 2025-இல், நூறு நீதிபதிகளுக்கும் மேல் நீக்கப்பட்டோ விலகியோ வெளியேறினர். அடுத்த அறையில் சென்று ஐயம் கேட்கப் புதியவருக்கு யார் இருப்பார்? அவர் இத்தொழிலைக் கற்றுத் தேறும் காலத்திலும் வழக்குகள் அவர் முன் வந்துகொண்டுதான் இருக்கும்.