ஆனா ஆவன்னா முதல் அரும்பு மொட்டு வரை

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எழுத்து முதலில் விரலுக்குத்தான் வந்தது. பரப்பிய மணலில் 'ஆனா, ஆவன்னா' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் எழுதினார்கள். கை படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பொருள் புரியாமலே மனப்பாடமாயின; தவறினால் பிரம்பு. ஆனாலும் வாய், காது, விரல் மூன்றுக்கும் ஒருசேர வேலை கொடுத்த முறை அது. எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்துத்தான் தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவரான நம் சட்டாம்பிள்ளையும் கூடவே கப்பலேறிவிட்டார்!

பிறகு அச்சுப் புத்தகம் வந்தது. அணிலும் ஆடும் படத்தோடு வந்தன. ஆனால் 247 எழுத்தையும் முடித்த பிறகே கதை என்ற வரிசை அசையவில்லை. தமிழுக்கு இது போதாது. ஒரே 'க' கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, அகலில் வேறு மாதிரி ஒலிக்கிறது. தங்கம் என்ற சொல் காதில் விழுந்திருக்கும் பிள்ளைதான் அதைத் தயங்காமல் வாசிக்கும். அதற்காக எழுத்தைக் கைவிட்டு, படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொன்னாலும் ஆகாது. 'கொ'வில் கொம்பும் காலும் எங்கே நிற்கும் என்று பழக்காவிட்டால், காலை 'ர' என்று நினைத்து, கொடியை 'கெரடி' என்று படிக்கும்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அட்டைகளைக் கொடுத்து ஆசிரியரையும் தரையில் உட்கார வைத்தது. கொரோனாவில் விட்டுப்போனதை ஈடுகட்ட 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டையும் கதையையும் எழுத்துப் பயிற்சியோடு கலக்கிறது. அடுத்த ஆண்டு வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தது. இத்தனை காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதையே முதலில் சொல்வேன்.

வாசிப்பு இவ்வளவு மாறியும் எழுத்துப் பாடம் இன்னும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே நிற்கிறது. முத்து முத்தாக நகலெடுக்கும் பிள்ளை, 'நேற்று வீட்டில் என்ன நடந்தது?' என்று எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிக்கிறது. ஆசிரியர்களே, வாரம் ஒரு பக்கத்தையாவது பிள்ளையின் சொந்த வாக்கியத்துக்கு விடுங்கள். அன்றைக்கே சிவப்பு மையை எடுக்க வேண்டாம்.