மார்பகப் புற்றுநோய்: சத்திரசிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையா?

ஹட்டன் நகரில் பல வருடங்களாக பார்மசி நடத்தி வருகிறேன். மருந்துச் சீட்டோடு வருபவர்கள் சில வேளை வேறு கடதாசிகளையும் நீட்டி விளக்கம் கேட்பார்கள். அண்மைக் காலமாக அடிக்கடி வரும் கேள்வி இது: "மார்பில் இருப்பது கான்சர் என்று உறுதியாகிவிட்டது. ஒப்பரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் நல்லது என்கிறார்கள். தனியாரில் எடுக்கக் காசில்லை. எடுக்காவிட்டால் ஆபத்தா?"

நகரத்திலுள்ள நமது குடும்பங்களும் கேட்கின்றன. டிக்கோயா, பொகவந்தலாவ தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மாரும் கேட்கிறார்கள். காசில்லாதவர்கள் பள்ளிவாசலிலோ கோயிலிலோ கடிதம் வாங்கி வசூலுக்குப் புறப்படுகிறார்கள். சில வேளை அந்த வசூல் முடியும் வரை சத்திரசிகிச்சையும் தள்ளிப்போகிறது. என் கவலை அதில்தான்.

முதலில் இந்த ஸ்கேன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நோயாளி குப்புறப் படுக்க வேண்டும். கையில் நரம்பு வழியாக கடோலினியம் என்ற மருந்து ஏற்றப்படும். புற்றுநோய்க் கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதால் அந்த மருந்தை வேகமாக உறிஞ்சிப் படத்தில் பளிச்சென்று தெரியும். மெமோகிராமில் மறைந்திருக்கும் சிறு கட்டிகள்கூட இதில் அகப்படும். எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆனால் மெமோகிராமில் தெரியும் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் இதில் சரியாகத் தெரியாது. ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சிக்கல் என்னவென்றால், புற்றுநோய் அல்லாதவையும் பளிச்சென்று தெரியும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு ஹோர்மோன் காரணமாகவே மார்பகம் ஒளிரும். அதனால்தான் மாதவிடாய் தொடங்கி இரண்டாவது வாரத்தில் எடுப்பது நல்லது என்கிறார்கள். புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மீண்டும் அல்ட்ரா சவுண்டில் தேடி, ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதைச் செய்யாமல் படத்தை மட்டும் நம்பி முழு மார்பகத்தையும் அகற்றச் சம்மதிப்பது சரியல்ல.

கூடுதலாகக் கண்டுபிடித்தால் கூடுதல் நன்மைதானே என்று தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பிரித்தானியாவில் 1,623 பெண்களைச் சேர்த்து நடந்த கொமிஸ் ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஒரே அளவு, 19 சதவீதம். 56 வயதுக்குக் குறைந்த பெண்களிடம் சுவீடனில் நடந்த சிறிய ஆய்வொன்றில் மாத்திரம் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களிடையே அது குறைந்தது. 2013இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 25.5 சதவீதமானோருக்கும் எடுக்காதவர்களில் 18.2 சதவீதமானோருக்கும் மார்பகம் முழுமையாக அகற்றப்பட்டிருந்தது. எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பதால் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. கட்டியைச் சுற்றி மிஞ்சக்கூடிய நுண்ணிய கலங்களை, சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுக்கும் கதிர்வீச்சும் மருந்துகளும் கவனித்துக்கொள்கின்றன என்பதே இதற்குக் கூறப்படும் காரணம்.

அதற்காக எம்.ஆர்.ஐ. வீண் என்று நான் சொல்லவரவில்லை. லொபியுலர் என்ற வகைப் புற்றுநோய் கட்டியாகத் திரளாமல் பரவுவது. அதன் எல்லையை மெமோகிராம் குறைத்துக் காட்டும். அக்குளில் நெறிகட்டி புற்றுநோய் உறுதியாகி, மார்பகத்தில் மூலம் எங்கே என்று தெரியாதவர்கள், பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ளவர்கள், முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின் சத்திரசிகிச்சை செய்யப்படுபவர்கள், மெமோகிராமும் அல்ட்ரா சவுண்டும் வெவ்வேறு அளவு காட்டுபவர்கள் ஆகியோருக்கு இது உண்மையிலேயே உதவும். உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் இப்படியொரு காரணம் சொல்லிக் கேட்டால் எடுத்தே ஆக வேண்டும். அப்போதும் மார்பகத்துக்கென்று தனியான கொயில் உள்ள இடமா என்று விசாரித்துப் போங்கள்.

மலையகத்துக்கு வருவோம். இங்குள்ள பெண் மார்பகத்தை இழப்பதா காப்பதா என்பதை எம்.ஆர்.ஐ.யை விட பஸ் பயணம் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். கட்டியை மட்டும் அகற்றினால் பின்னர் பொதுவாகக் கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டும். அதற்கு நம்மவர்கள் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ மஹரகமைக்கோ போக வேண்டும். வாரக்கணக்கில் தங்குவது, பிள்ளைகளை யார் பார்ப்பது, பேர் விழாத நாட்களின் சம்பளம்... இவற்றை எண்ணி, "முழுசா எடுத்துடுங்க டொக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் கட்டியை அகற்றிக் கதிர்வீச்சு கொடுப்பதும் முழு மார்பகத்தை அகற்றுவதும் ஆயுளில் வித்தியாசம் தரவில்லை என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2002இல் உறுதி செய்தார்கள். அந்தத் தெரிவு தோட்டத்துப் பெண்ணுக்கும் இருக்க வேண்டும். 4,096 பேரிடம் செய்து 2020இல் வெளியிட்ட பிரித்தானிய ஆய்வொன்று, மூன்று வாரத்தில் 15 முறை கொடுக்கும் கதிர்வீச்சை ஒரே வாரத்தில் 5 முறையாகவும் கொடுக்கலாம் என்று காட்டியது. நமது நோயாளிகளுக்கு அது பொருந்துமா என்று நிபுணரிடம் கேளுங்கள். வசூல் செய்யும் சகோதரர்களும் கண்டியில் தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்கும் அந்தக் காசை ஒதுக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த ஸ்கேனின் முடிவு வேறு மாதிரி வந்தால் ஒப்பரேஷனை மாற்றுவீர்களா?" மாற்றுவேன் என்றால், எப்படி என்றும் கேளுங்கள். மாற்ற மாட்டேன் என்றால், கொடுத்த திகதியில் வாட்டில் போய்ச் சேருங்கள். போகும்போது மெமோகிராம் படத்தையும் பயொப்ஸி அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை மட்டும் போதாது, படமும் வேண்டும்.