நிலத்தடி எண்ணெயும் இரண்டு கருவூலங்களும்

கனடாவில் பூமிக்கடியில் கிடைக்கும் எண்ணெய், எரிவாயு, தாதுக்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி மாகாண அரசுகளுக்குச் சொந்தம். ஆல்பர்ட்டாவில் மட்டும் கனிம உரிமையில் சுமார் 81 விழுக்காடு மாகாண அரசிடம் இருக்கிறது. தோண்டி எடுக்கும் நிறுவனங்கள் அந்த அரசுக்கு ராயல்டி கட்டுகின்றன. ஆனால் எண்ணெய் மாகாண எல்லையைத் தாண்டியதும் அதன் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசின் கைக்குப் போய்விடுகிறது. எந்த வகை வரியையும் விதிக்கும் அதிகாரமும் மத்திய அரசுக்கு உண்டு. ஆக, ஒரே பீப்பாயின் மீது நிலத்தின் சொந்தக்காரராக ஓர் அரசும் வரி வசூலிப்பவராக இன்னோர் அரசும் உரிமை கோர முடியும். எண்ணெய் மலிவாக இருந்தவரை இது வழக்கறிஞர்களின் கவலையாகவே இருந்தது. விலை ஏறியபோது நாட்டின் ஒற்றுமையையே சோதித்தது.

1867இல் கனடா கூட்டாட்சி உருவானபோது, அரசமைப்பின் 109ஆம் பிரிவு நிலம், சுரங்கம், கனிமம், ராயல்டி எல்லாவற்றையும் அன்றிருந்த நான்கு மாகாணங்களான ஒண்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் ஆகியவற்றிடமே விட்டுவைத்தது. மேற்குப் புல்வெளி மாகாணங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1870இல் மானிடோபாவும் 1905இல் ஆல்பர்ட்டா, சஸ்காட்சவான் மாகாணங்களும் பிறந்தபோது, ரயில் பாதைகளுக்கும் குடியேற்றத்துக்கும் நிலம் தேவை என்று சொல்லி மத்திய அரசு அவற்றின் வளங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஈடாக ஆண்டு மானியம் கொடுத்தது. தாம் இரண்டாந்தர மாகாணங்களாக நடத்தப்படுவதாக மேற்கில் வேரூன்றிய மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. நெடிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1930இல்தான் வளங்கள் மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1947 பிப்ரவரி 13 அன்று, எட்மன்டன் நகருக்கு அருகே லெடுக் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. அதுவரை விவசாயத்தை நம்பியிருந்த ஆல்பர்ட்டாவின் தலையெழுத்து அன்று மாறியது.

1973இல் மேற்காசியப் போரைத் தொடர்ந்து உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களில் சுமார் நான்கு மடங்கானது. கனடாவுக்குள் இதன் விளைவு ஒரே மாதிரி இருக்கவில்லை. கிழக்கே கியூபெக்கும் அட்லாண்டிக் மாகாணங்களும் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தன. மேற்கே ஆல்பர்ட்டா எண்ணெயை விற்றுக்கொண்டிருந்தது. மத்திய அரசு உள்நாட்டு விலையை உலக விலைக்குக் கீழே கட்டிவைத்தது, ஏற்றுமதி எண்ணெய்க்கு வரி போட்டது, அந்தப் பணத்தைக் கொண்டு கிழக்கின் இறக்குமதிச் செலவைக் குறைத்தது. கிழக்கு மாகாணக் குடும்பங்களுக்கு இது குளிர்காலப் பாதுகாப்பு. ஆல்பர்ட்டாவுக்கோ, தன் பொருளைத் தானே விலை குறிக்க முடியாத நிலை.

பதிலுக்கு மாகாணங்கள் ராயல்டியை உயர்த்தின. நிறுவனங்கள் ராயல்டியைச் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்வதால் மத்திய அரசுக்கு வரவேண்டிய வருமான வரி குறைந்தது. 1974 பட்ஜெட்டில் ஒட்டாவா அந்தக் கழிவை ரத்து செய்தது. இடையில் சிக்கிய நிறுவனங்கள் ஒரே வருவாய்க்கு இரண்டு பக்கமும் கட்டவேண்டி வந்தது. சஸ்காட்சவானின் முயற்சி நீதிமன்றத்திலேயே முறிந்தது. விலையேற்றத்தால் வந்த உபரியை எடுத்துக்கொள்ள அது விதித்த கூடுதல் கட்டணத்தை 1977இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அன்றைய அரசமைப்பின்படி மாகாணங்கள் நேர்முக வரி மட்டுமே விதிக்கலாம். வெளியே விற்கப்படும் பொருளின் மீதான இந்தச் சுமை வாங்குபவரிடம் போய்ச்சேரும் மறைமுக வரி என்பது நீதிமன்றத்தின் வாதம். வளம் உனக்குச் சொந்தம், ஆனால் அதன் விலையேற்றத்தைத் தொடாதே என்றுதான் மேற்கு மாகாணங்களின் காதில் இந்தத் தீர்ப்பு விழுந்தது. அவர்கள் கேட்டது தவறில்லை.

மோதலின் உச்சம் 1980 அக்டோபர் 28. பியர் ட்ரூடோ அரசு தன் பட்ஜெட்டோடு தேசிய எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. எரிசக்தி அமைச்சர் மார்க் லலோந்த் வடிவமைத்த அத்திட்டம் புதிய எண்ணெய் வரிகளைக் கொண்டுவந்தது, உள்நாட்டு விலையை மத்திய அரசே தீர்மானிக்கும் என்றது, 1990க்குள் எண்ணெய்த் துறையில் பாதியாவது கனடியர் கையில் இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்தது. ஒட்டாவாவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எண்ணெய் வருவாயில் தனக்குக் கிடைப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், ஆனால் விலையேற்றத்தின் சுமையைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் தன் தலையில் என்று அது வாதிட்டது.

ஆல்பர்ட்டா முதல்வர் பீட்டர் லாஹீட் இரண்டு நாளில் தொலைக்காட்சியில் தோன்றினார். மூன்று கட்டங்களாக, நாளொன்றுக்கு மொத்தம் 1,80,000 பீப்பாய் உற்பத்தியைக் குறைக்கப்போவதாக அறிவித்தார். விலை ஒட்டாவாவின் கையில் இருக்கலாம். குழாயைத் திறப்பதும் மூடுவதும் நிலத்துச் சொந்தக்காரர் கையில் என்பதே அதன் பொருள். 1981 மார்ச்சிலும் ஜூனிலும் இரண்டு கட்டக் குறைப்பு நடந்தது. மூன்றாவது தொடங்கவிருந்த செப்டம்பர் 1 அன்று இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ட்ரூடோவும் லாஹீடும் கோப்பை உயர்த்திக் கொண்டாடிய படம் பத்திரிகைகளில் வந்தது. லாஹீட் பின்னாளில் அதற்காக வருந்தினார். ஒப்பந்தம் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிப் போடப்பட்டது. விலையோ இறங்கியது. வட்டி விகிதம் ஏற்கெனவே விண்ணைத் தொட்டிருந்த காலம். ஆல்பர்ட்டாவில் வேலையும் வீடும் இழந்தவர்கள் ஏராளம். அந்தச் சரிவுக்குத் திட்டம் எவ்வளவு காரணம், உலகச் சந்தை எவ்வளவு காரணம் என்று பொருளாதார அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆல்பர்ட்டா மக்கள் மனத்தில் அந்தக் கேள்வியே இல்லை. தங்கள் வளத்தைப் பற்றிய முடிவு தங்களைக் கேட்காமல் எடுக்கப்பட்டது என்பதே அவர்களுக்கு நிற்கும் நினைவு.

இந்தச் சண்டையிலிருந்து நிலைத்த பலனும் கிடைத்தது. 1982 அரசமைப்புத் திருத்தம் 92ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. வளங்களைத் தேடுவது, எடுப்பது, நிர்வகிப்பது மாகாணங்களின் தனி அதிகாரம் என்று அது உறுதி செய்தது. மறைமுக வரி விதிக்கவும் அனுமதித்தது. சஸ்காட்சவான் நீதிமன்றத்தில் இழந்தது இப்படித் திரும்பி வந்தது. அதே ஆண்டில் இன்னொரு தீர்ப்பு, மாகாண அரசுக்கே சொந்தமான எரிவாயு ஏற்றுமதியாகும்போது மத்திய அரசு அதன் மீது வரி விதிக்க முடியாது என்றது. 1985இல் பிரையன் மல்ரோனி அரசு எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டை நீக்கி, திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட்டது.

கடலடி எண்ணெயின் கதை வேறு. நியூஃபவுண்ட்லாந்து 1949இல்தான் கனடாவோடு இணைந்தது. 1979இல் அதன் கரைக்கு அப்பால் ஹைபர்னியா எண்ணெய்வயல் கண்டுபிடிக்கப்பட்டது. கடலடி நிலம் தங்களுடையது என்று மாகாணம் வாதிட்டது. 1984இல் உச்ச நீதிமன்றம் அது கனடாவுடையது என்று தீர்த்தது. சட்டத்தில் தோற்றதை மாகாணம் அரசியலில் மீட்டது. 1985 பிப்ரவரியில் மல்ரோனியும் மாகாண முதல்வர் பிரையன் பெக்ஃபோர்டும் கையெழுத்திட்ட அட்லாண்டிக் உடன்படிக்கை, கடலடி எண்ணெய்க்கும் நிலத்து எண்ணெய் போலவே மாகாணம் ராயல்டி வசூலிக்கலாம் என்றது. 1992இல் காட் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டு சுமார் 30,000 பேர் பிழைப்பிழந்த மாகாணத்துக்கு, 1997இல் பாயத் தொடங்கிய ஹைபர்னியா எண்ணெய் வாழ்வாதாரப் பிரச்சினை.

ஆனால் வரும் பணம் கையில் தங்கவில்லை. காரணம், கனடாவில் 1957 முதல் நடைமுறையில் உள்ள சமன்படுத்தும் நிதி. வருவாய் திரட்டும் திறன் குறைந்த மாகாணங்களுக்கு மத்திய அரசு தன் பொது வரிப்பணத்திலிருந்து தரும் தொகை இது. பணக்கார மாகாணம் ஏழை மாகாணத்துக்குக் காசோலை அனுப்புவதாகப் பலர் நினைப்பது சரியல்ல. நாடெங்கும் உள்ள வரி செலுத்துவோரிடம் இருந்தே அது வருகிறது. ஒரு மாகாணத்தின் எண்ணெய் வருவாய் கூடினால் அதற்கான நிதி குறையும். உடன்படிக்கையில் இதற்குத் தற்காலிக ஈட்டுத்தொகை இருந்தாலும், அது ஆண்டுதோறும் தேயும்படி அமைந்திருந்தது. ராயல்டியாக வரும் டாலரில் பெரும்பகுதி ஒட்டாவா வழியாகத் திரும்பிப் போய்விடுகிறது என்று மாகாணம் குமுறியது.

2004 டிசம்பரில் முதல்வர் டேனி வில்லியம்ஸ் மாகாண அரசுக் கட்டடங்களிலிருந்து கனடாவின் கொடியை இறக்கச் சொன்னார். நாடு அதிர்ந்தது. அடுத்த மாதமே பால் மார்ட்டின் அரசு நியூஃபவுண்ட்லாந்துக்கு 200 கோடி டாலர் முன்பணத்தோடு புதிய உடன்பாட்டுக்கு இணங்கியது. 2007இல் ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு நிதிக் கணக்கின் சூத்திரத்தை மாற்றியதும் வில்லியம்ஸ் மறுபடி களமிறங்கினார். 2008 தேர்தலில் அம்மாகாணத்தின் ஏழு தொகுதிகளில் ஒன்றுகூட ஹார்ப்பர் கட்சிக்குக் கிடைக்கவில்லை. அதே காலத்தில் எண்ணெய்ப் பணத்தால் நியூஃபவுண்ட்லாந்து முதன்முறையாகச் சமன்படுத்தும் நிதி தேவைப்படாத மாகாணமானது. 2024இல் மீண்டும் நிதி பெறும் பட்டியலுக்குத் திரும்பியது.

ஆல்பர்ட்டா 1960களின் நடுப்பகுதிக்குப் பின் இந்த நிதியைப் பெற்றதே இல்லை. எண்ணெய் விலை சரிந்து வேலையின்மை பெருகிய ஆண்டுகளில்கூட நிலை மாறவில்லை என்ற கோபம் 2021 அக்டோபர் வாக்கெடுப்பில் வெளிப்பட்டது. சமன்படுத்தும் கொள்கையை அரசமைப்பிலிருந்து நீக்கவேண்டும் என்று சுமார் 62 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஆனால் அரசமைப்பைத் திருத்த ஏழு மாகாணங்களின் ஒப்புதல் வேண்டும். நிதி பெறும் மாகாணங்கள் அதற்கு இணங்கப்போவதில்லை.

இவ்வளவு காலமும் இரு அரசுகளும் பங்கு பேசிய நிலத்தில் அவர்களுக்கு முன்பே வாழ்ந்த முதற்குடிகள் அந்த மேசையில் இல்லை. 1930இல் வளங்கள் கைமாறியபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒண்டாரியோவில் ஹூரான், சுப்பீரியர் ஏரிகளின் வடகரையில் வாழ்ந்த அனிஷினாபே மக்களோடு 1850இல் செய்யப்பட்ட ராபின்சன் ஒப்பந்தங்கள், நிலத்தின் வருவாய் கூடினால் ஆண்டுத்தொகையும் கூடும் என்று வாக்களித்திருந்தன. அங்கே காட்டுமரமும் நிக்கலும் செல்வத்தைக் கொட்டின. ஆண்டுத்தொகையோ 1875 முதல் ஆளுக்கு நான்கு டாலராகவே நின்றது. 2023இல் ஹூரான் ஒப்பந்த மக்களுக்குக் கடந்தகால இழப்பீடாக 1,000 கோடி டாலர் தர உடன்பாடு ஏற்பட்டது. மத்திய அரசும் ஒண்டாரியோவும் அதைச் சரிபாதியாக ஏற்றுக்கொண்டன. அரசு தன் வாக்கைக் காப்பாற்றத் தவறியது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.