கைப்பேசி வந்தது, கல்வி வந்ததா?

ஊரடங்கு வந்தது, பள்ளிக்கூட மணி அடங்கிற்று. 2020 மார்ச்சில் மூடிய கதவு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. 19 திங்கள்! இருங்காட்டுக்கோட்டையிலே 2020 மே திங்களிலேயே கார்கள் உருளத் தொடங்கிவிட்டன. ஆலைக்குக் கிடைத்த அவசரம் அரிச்சுவடிக்குக் கிடைக்கவில்லை!

ஆசிரியர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. வகுப்புக்கொரு வாட்ஸ்அப் குழு அமைத்தனர். யூடியூபிலே கணக்குப் போட்டுக் காட்டினர். வம்புக்கும் வதந்திக்கும் பயன்பட்ட கருவியை வகுப்பறையாக்கிய அந்த ஆசிரியப் பெருமக்களை வாழ்த்துகிறோம், வணங்குகிறோம்!

ஆனால், கேட்கிறோம்: அந்தப் பாடம் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது?

வல்லக்கோட்டையிலே வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளத் தோழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வீட்டிலே இருப்பது ஒரே கைப்பேசி. அது அவருடைய சட்டைப்பையிலே ஒரகடத்துக்குப் போய்விடும். காலையிலே வாத்தியார் அனுப்பிய பாடம், ஷிப்ட் முடிந்து அப்பா திரும்பும்போதுதான் வீடு வரும். மூத்தவன் பார்ப்பதா, இளையவள் பார்ப்பதா? அதற்குள் டேட்டா தீர்ந்துவிடும்! செல்வர் வீட்டுப் பிள்ளைக்கோ தனி அறை, தனி மடிக்கணினி. இந்திய நாட்டுப்புறங்களிலே, 100 பள்ளிப் பிள்ளைகளில் 38 பேர் வீட்டிலே ஸ்மார்ட்போனே இல்லை என்றது 2020ஆம் ஆண்டின் அசர் ஆய்வு.

1953இல் ஆச்சாரியார், அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். கழகம் களம் கண்டது. 1954இல் ஆச்சாரியார் பதவியை விட்டு இறங்கினார், குலக்கல்வித் திட்டமும் ஒழிந்தது. அரை நாளைப் பறித்ததற்கே கொதித்தெழுந்த நாடு இது. கொரோனா முழு நாளையும் பறித்தது! கிருமிக்குக் குலம் தெரியாது. ஆனால், அது மூடிய பள்ளியால் வாடியவன் ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

அதனால்தான் மு.க. ஸ்டாலின் தலைமையிலான கழக அரசு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்திலே 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிற்று. 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். குடியிருப்புக்கு அருகிலேயே மாலை வகுப்பு. சுமார் 2 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், முன்வந்தனர். கைப்பேசி எட்டாத வீட்டை அந்தத் தங்கைகளின் கால்கள் எட்டின!

தோழர்களே! கைப்பேசி தபால்காரர் வேலை பார்க்கும். வாத்தியார் வேலை பார்க்காது. அன்று எழுத்துக்கூட்டத் தடுமாறிய பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளியிலே திணறுகிறார்கள். கிளைக்கழகப் படிப்பகத்தை மாலையிலே திறந்து வையுங்கள். உங்கள் கைப்பேசியை ஒரு மணி நேரம் பிள்ளையிடம் கொடுங்கள். படித்த தோழர் ஒருவர் பக்கத்திலே உட்காரட்டும். அடுத்த கொள்ளைநோய் வந்தாலும், நம் தெருவிலே பாடம் நிற்கக்கூடாது!