வரைபடத்துக்குக் கத்தரி
வெயில் தேசத்தில் ஒரு வசந்தம் – 4

1829, மே மாதம். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், ரஷ்யத் தூதரகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவரோடு, ஸ்பெயினின் செவில் நகரிலிருந்து கிரனாடாவுக்குக் குதிரையில் புறப்பட்டார். வழியில் மலைகள், மலைகளில் கொள்ளைக்காரர்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் விலையுயர்ந்த சாமான்களைக் கோவேறு கழுதைக்காரர்களிடம் முன்கூட்டியே கொடுத்தனுப்பிவிட்டார்கள். யாராவது மறித்தால் மறுபேச்சில்லாமல் நீட்டுவதற்கென்று தனியாக ஒரு பணப்பையும் எடுத்துக்கொண்டார்கள். சத்திரம் சத்திரமாகத் தங்கி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கதை கேட்டு, கடைசியில் கிரனாடா சேர்ந்த இர்விங், அங்கே அல்ஹம்ப்ரா அரண்மனைக்குள்ளேயே சில காலம் குடியிருந்தார். 1832இல் அது புத்தகமாக வந்தது.

அதே தூரம் இன்று ஏ-92 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். போய்விட முடிகிறது என்பதுதான் இந்தப் பயணத்துக்கு முதல் எதிரி.

ஸ்பெயினின் தெற்கு மாநிலமான ஆண்டலூசியாவைக் காரில் சுற்றுவது என்று போன வாரம் முடிவு செய்தோம். உடனே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்களின் திட்டங்களைப் பார்த்தேன். ஒரே வாரத்தில் மாட்ரிட், கோர்டோபா, செவில், காதிஸ், ஜிப்ரால்டர், மலாகா, கிரனாடா, முடிந்தால் பார்சலோனா. இதற்குக் கார் எதற்கு? ஆண்டலூசியா 87,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாகாணங்கள் எட்டு. எட்டையும் தொட்டுவிட்டு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என் கணக்கு இது: ஐந்து இடங்கள், இடத்துக்கு மூன்று இரவு. ஊர் மாறும் நாளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மற்ற நாள்களில் ஒரு மணி நேரமே அதிகம். செவில், ரோண்டா மலைப்பகுதி, கிரனாடா, பயேசா, கோர்டோபா. சுற்றி வந்தால் மொத்தம் 700 கிலோமீட்டர் சொச்சம். சென்னையில் இரவு கிளம்பி விடிந்து கன்னியாகுமரியில் இறங்குகிறோமே, அதே தூரம். அதை இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டி ஓட்டப்போகிறோம். கடற்கரை முழுவதும் கத்தரிக்குப் போய்விட்டது. மலாகாவை ஒட்டிய சொகுசுக் கடற்கரையை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. காதிஸை விட்டதில் கொஞ்சம் உண்டு.

எப்போது போவது? ஜூலையில் செவிலின் சராசரிப் பகல் உச்சம் 36 டிகிரி. பக்கத்து ஊரான எசிகாவுக்கு 'ஆண்டலூசியாவின் வாணலி' என்றே பட்டப்பெயர். ஏப்ரலில் அதே செவிலில் இருபத்துமூன்று, இருபத்துநான்குதான். ஆனால் ஏப்ரலை மொத்தமாக நம்பிவிடக் கூடாது. 'ஏப்ரலில் ஆயிரம் மழை' என்று ஸ்பானியர்களே சொலவடை வைத்திருக்கிறார்கள். குடை வேண்டாம், ஒரு மழைக்கோட்டு போதும்.

வானிலையைவிடக் கவனிக்க வேண்டியது திருவிழா. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் செவில் நகரமே தெருவில்தான் இருக்கும். முகம் மூடிய கூம்புத் தொப்பிக்காரர்கள், ஆள்கள் அடியில் மறைந்து நின்று சுமந்துவரும் சொரூபங்கள், நள்ளிரவு தாண்டியும் ஓயாத வாத்தியம். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் தெருக்கள் அடைபட்டிருக்கும், அறை வாடகை எங்கோ போய் நிற்கும். பெரும்பாலும் ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரத்தில் ஃபெரியா என்ற பெருவிழா. 1847இல் மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது. இன்று அது கூடார நகரம். அந்தக் கூடாரங்களில் பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தம். அழைப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது. உள்ளூர் நண்பர் இல்லாதவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அதனால் நான் பிடித்துக்கொள்வது இந்த இரண்டையும் அல்ல, மே மாதத்தின் முதல் பாதியை. அப்போது கோர்டோபாவில் முற்றத் திருவிழா. வீட்டுக்காரர்கள் தங்கள் உள்முற்றங்களைப் பூந்தொட்டிகளால் நிறைத்து, கதவைத் திறந்து வைப்பார்கள். கட்டணம் கிடையாது. 1921இல் போட்டியாகத் தொடங்கிய இந்த வழக்கம், 2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. கோர்டோபாவைக் கடைசி ஊராக வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் செவிலில் இறங்க வேண்டியது ஏப்ரல் கடைசி வாரம். நம் பள்ளி விடுமுறைக்கும் தோதாக இருக்கும். ஒரே எச்சரிக்கை: ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு நகரும். அது தாமதமாக வரும் ஆண்டில் ஃபெரியாவும் மே மாதத்துக்குத் தள்ளிப்போகும். முதலில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

செவிலில் கார் எடுக்காதீர்கள். மாட்ரிட்டில் இறங்கினால் அதிவேக ரயில் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும், 1992இலிருந்து ஓடுகிறது. பழைய நகரத்தின் சந்துகள் நடப்பதற்கென்றே ஆனவை. பயணக் களைப்போடு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சாலையின் வலப்பக்கம், வலது கையில் கியர் மாற்றிக்கொண்டு அந்தச் சந்துகளில் நுழைவது வேண்டாத வீரம். மூன்று நாள் நடந்து, நன்றாகத் தூங்கி எழுந்து, ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் வண்டியை எடுத்தால் போதும். கையால் கியர் மாற்றும் வண்டிகள்தான் அங்கே அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வைக்க வேண்டும், வாடகையும் கூடும்.

செவிலிலிருந்து தென்கிழக்கே ஒன்றேகால் மணி நேரத்தில் ஸாரா தெ லா சியெர்ரா. பாறை உச்சியில் ஒரு கோட்டை, அதன் கீழே சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள், அதற்கும் கீழே நீர்த்தேக்கம். இந்தப் பகுதியில் பல ஊர்கள் இப்படி உச்சியில் ஏறி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அழகு அல்ல, பயம். வடக்கிலிருந்து இறங்கிய காஸ்டீல் கிறிஸ்தவ அரசுக்கும் கிரனாடாவின் முஸ்லிம் அரசுக்கும் நடுவே எல்லை இங்கேதான் பல தலைமுறைகள் ஊசலாடியது. ஆர்கோஸ், வெஹேர் போன்ற ஊர்ப் பெயர்களின் வாலில் இன்றும் 'எல்லைப்புறம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸாராவிலிருந்து கிராசலேமாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலைக்காகத்தான் இந்தக் காரே. தூரம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. கணவாய் ஆயிரம் மீட்டருக்கு மேல். கொல்லி மலையில் வண்டி ஓட்டியவருக்கு வளைவுகள் பயம் காட்டாது. ஆனால் எதிரே வருபவர் இடப்பக்கமாக வருவார் என்பது மட்டும் ஒவ்வொரு வளைவிலும் நினைவில் இருக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்த இடம் இருக்கும் இடத்திலெல்லாம் நிறுத்துங்கள். பாறு கழுகுகள் தலைக்கு மேலே அல்ல, சில திருப்பங்களில் காலுக்குக் கீழே வட்டமிடும். கிராசலேமா ஸ்பெயினிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவில். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகங்களுக்கு முதல் தடுப்பு இந்த மலைதான். வெயில் தேசம் என்று நாம் கிளம்பிவந்த ஊருக்கு நடுவே, பனியுகத்தின் மிச்சமான பின்சாபோ என்ற ஊசியிலை மரக்காடு இருப்பது அதனால்தான். அந்தக் காட்டுக்குள் நடக்க முன் அனுமதி வேண்டும்.

தங்க ரோண்டா வசதி. ஆழப் பள்ளத்தாக்கின் மேல் 98 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தைக் கட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது, 1793இல் முடித்தார்கள். பகலில் சுற்றுலாப் பேருந்துகள் கொண்டுவந்து கொட்டும் கூட்டம் மாலை ஆறு மணிக்குக் கலைந்துவிடும். ஏப்ரல் இறுதியில் அங்கே சூரியன் மறைவது ஒன்பது மணிக்கு மேல். ஆக, அங்கே இரவு தங்குபவருக்கு மூன்று மணி நேரம் வெளிச்சத்தோடு ஊர் சும்மா கிடைக்கிறது. அருகில் செதெனில் என்ற ஊரில் தொங்கும் பாறைக்கு அடியில் வீடுகள் கட்டியிருக்கிறார்கள், பாறையே கூரை. போகலாம், ஆனால் வார நாளில், காலையில். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதுதான் எல்லா வெள்ளை ஊர்களுக்கும் பொதுவிதி.

ரோண்டாவிலிருந்து கிரனாடா போகும் வழியில் அந்தெக்கேரா. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய பெருங்கல் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். கல்திட்டைகளைப் பார்த்துப் பழகிய நமக்கும் அந்தக் கற்களின் பருமன் திகைப்புத்தான்.

கிரனாடாவில் ஒரே ஒரு காரியம் மட்டும் முன்யோசனையோடு செய்ய வேண்டும்: அல்ஹம்ப்ரா டிக்கெட். நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய நேரம் குறித்துத் தருவார்கள், தவறினால் தவறியதுதான். வசந்த காலத்தில் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். விமான டிக்கெட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது இதைத்தான், ஹோட்டலைக்கூட அதன் பிறகு பார்க்கலாம். பழைய பகுதிகளில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கேமரா படம் எடுத்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்து வரும். ஹோட்டல்காரரிடம் வண்டி எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் வெளியே நிறுத்திவிட்டு மூன்று நாளும் அதை மறந்துவிடுங்கள். கீழே ஆரஞ்சு மரம், மேலே சியெர்ரா நெவாடாவின் பனி. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க நடந்தாலே போதும்.

பயேசாவுக்கு ஏன் மூன்று இரவு என்று கேட்பார்கள். அதையும் பக்கத்து ஊரான ஊபெடாவையும் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஒன்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மறுமலர்ச்சிக்கால ஊர்கள், 2003இலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில். ஆனால் நான் சொல்வது அந்தக் கட்டடங்களுக்காக மட்டுமல்ல. ஹயேன் மாகாணத்தில் ஆறு கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள். கிரனாடாவிலிருந்து வடக்கே ஏறியதும் தொடங்கும். அதற்குப் பிறகு சாலையின் இருபுறமும், குன்றின் மேலும் சரிவிலும், கண்ணுக்கு எட்டிய மட்டும் வரிசை பிசகாத புள்ளிகள். உலகிலேயே அதிக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாட்டின் களஞ்சியம் இதுதான். அறுவடை குளிர்காலத்தில் முடிந்திருக்கும். ஆலைகளில் புது எண்ணெயை ருசி பார்க்கக் கொடுப்பார்கள். மே மாதம் மரங்கள் பூக்கும். பூ கண்ணில் படாது, மகரந்தம் மூக்கில் படும். ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நிறைய பேர் கவலைப்படுகிறார்கள். நேரத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்குப் பிறகு. நடுவில் கடைகள் அடைத்திருக்கும். ஆறரைக்குப் பசித்தால் பிஸ்கட்தான். அதனால் அந்த ஊர் நேரத்துக்கே மாறிவிடுங்கள்: காலையில் ஓட்டம், மதியம் பெரிய சாப்பாடு, பிறகு தூக்கம், சாயங்காலம் ஊர். சைவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் சூரை மீனோ பொடியாக நறுக்கிய பன்றித் தொடையோ தட்டில் வரும். இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்வதைக் கேளுங்கள். கத்திரிக்காயை வறுத்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவது இன்னொன்று. அந்தப் பாகு காய்ச்சும் ஆலை மலாகா மாகாணத்து ஃப்ரிஹிலியானாவில் இன்னும் ஓடுகிறது. கரும்பை அங்கே கொண்டுபோய் நட்டவர்கள் அரபுகள். அவர்களுக்கு அது வந்த வழியைப் பின்தொடர்ந்தால் நம் பக்கம்தான் வந்து நிற்கும். கோர்டோபாவில் வசந்தம் என்றால் தெருவோரக் கடைகளில் நத்தை ரசம். சைவர்கள் முற்றங்களைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம்.

இனி காகிதங்கள். நிதானப் பயணத்துக்கும் ஷெங்கன் விசாவுக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது. எந்த இரவு எங்கே தங்குவீர்கள் என்று நாள்வாரியாகக் கேட்பார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்தால் பின்னால் ஒரு நாளை இங்கே கூட்டி அங்கே குறைத்துக்கொள்ளலாம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். ஊர் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு தனி வேலை இருக்கிறது. லைசென்ஸில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கிரெடிட் கார்டில் இனிஷியல் பின்னால். வண்டி எடுக்கும் கவுன்டரில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முன்பணத்தை ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். இர்விங்கின் தனிப் பணப்பை இந்தக் காலத்தில் எந்தக் கவுன்டரில் இருக்கிறது என்பது அப்போது புரியும். இன்று மாலையே மூன்றையும் மேசையில் எடுத்து வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். திருத்த வேண்டியிருந்தால் நம் அலுவலகங்களில் அதற்கு ஆகும் நாள், விசாவுக்கு ஆகும் நாளைவிட அதிகமாக இருக்கலாம்.

அந்தக் கவுன்டரில் நீட்டப்படும் காப்பீட்டுத் தாள்களில் எதில் கையெழுத்துப் போடுவது, எதில் போடாமல் சிரித்துவிட்டு வருவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)